அத்தை கழற்றிக்கொண்டு போன கனெக்டர்

போன மாதம் உத்திரமேரூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் என்னோடு ஏழாம் வகுப்பு படித்தவர்கள். ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு முட்டிவலி, எனக்கு இரண்டும். பாயசத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தி சொன்னாள்: "அந்தக் காலத்துப் பொம்பளைங்க பாவம்டி. மோட்டாரு போடணும்னாகூட ஆம்பளையத்தான் கூப்புடணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் பாதி ஆட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன். என் அத்தை நினைவுக்கு வந்துவிட்டாள்.

அதற்குள் இலையை எடுக்க ஆள் வந்துவிட்டான். அன்று சொல்ல முடியாமல் போனதை இப்போது உங்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் பம்புசெட்டுக் கொட்டாய் கிணற்று மேட்டில் இருந்தது. உள்ளே நுழைந்தால் கிரீஸ் வாசனையும் ஈர சிமெண்டு வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறும். சுவரில் மரப்பலகை. அதில் சிவப்பு, பச்சைப் பொத்தான்களோடு ஸ்டார்ட்டர். பக்கத்தில் மூன்று வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டைகள். அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் சுவரோடு இறங்கி, தரையில் வளைந்து, மோட்டாரின் இடுப்பில் இருந்த சின்ன இரும்புப் பெட்டிக்குள் போகும். வயர்கள் அந்தக் குழாய்க்குள்தான் ஓடின. மோட்டார் ஓடும்போது தரை அதிரும்; குழாய் கடகடவென்று ஒரு தாளம் போடும். பள்ளிக்கூட லீவில் அந்தத் தாளத்துக்கு நான் காலை ஆட்டிக்கொண்டு தொட்டியில் குளிப்பேன். அது எவ்வளவு கெட்ட சத்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கிணறும் மோட்டாரும் மூன்று பேருக்குப் பொது. மூத்தவர் பெரியப்பா, அடுத்தவர் என் அப்பா, கடைசி அத்தை. அத்தை கல்யாணமாகிப் போன வீட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு ஒருநாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் என்று யார் கேட்டாலும் "அங்க இருக்க முடியல, வந்துட்டேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாத்தா சாவதற்கு முன்னால் கிணற்றுக்குக் கிழக்கே அரை ஏக்கரை அவள் பெயருக்கு எழுதிவைத்தார். அத்தை தனியாக ஒரு கூரை போட்டுக்கொண்டு, அந்த அரை ஏக்கரில் தானே உழைத்துச் சாப்பிட்டாள். தண்ணீர் முறை வரும்போது தானே மோட்டார் போடுவாள், தானே நிறுத்துவாள்.

அது சொர்ணவாரிப் பட்டத்து நெல் நட்ட சமயம். வெயில் காலம், ஏரி வற்றிக் கிடந்தது. கிணற்றை நம்பித்தான் நாற்று.

ஒரு காலை அத்தையின் முறை. நான் தொட்டியில் இருந்தேன். மோட்டாரை நிறுத்த உள்ளே போனவள், ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அடுத்த நொடி அவள் கொட்டாய் வாசலில் மல்லாந்து கிடந்தாள். சத்தமே போடவில்லை. நான்தான் கத்தினேன். வரப்பில் வந்துகொண்டிருந்த பெரியப்பா ஓடிவந்து, அவளைத் தூக்கி வேப்பமரத்தடியில் கிடத்தி, காலைத் தேய்த்தார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை கண்ணைத் திறந்தாள். வலது உள்ளங்கையில் மொச்சைக்கொட்டை அளவுக்குத் தோல் வெந்து வெளுத்திருந்தது.

மத்தியானத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "ஈரக் கையோட போய்த் தொட்டா அடிக்காம இன்னா பண்ணும்?" என்றார் பெரியப்பா.

"கை ஈரமா இல்லண்ணா. முந்தானையில தொடச்சிட்டுத்தான் உள்ள போனேன்."

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு? இனிமே தண்ணி வேணும்னா எங்கிட்ட சொல்லு, நான் வந்து போடறேன்."

சாயங்காலமே கொட்டாய்க் கதவுக்குக் கொண்டி அடித்து, ஒரு பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டார். அப்பா பக்கத்தில் நின்று ஸ்க்ரூக்களை எடுத்துக் கொடுத்தார். ஊரில் வந்தவர் போனவரெல்லாம் ஈரக் கை கதையையே சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். ஒரு வாரம் எதைத் தொடுவதற்கு முன்னாலும் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

பெரியப்பா சொன்னபடி வந்து போடத்தான் செய்தார். ஆனால் தன் இரண்டு ஏக்கர் நனைந்த பிறகு. பல நாள் அத்தையின் மடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நேரம் கரண்டு போய்விடும். அத்தை இரண்டு முறை கேட்டாள், மூன்றாம் முறை கேட்கவில்லை. பக்கத்து ஊர் வயர்மேனைத் தேடிக்கொண்டு போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த வயர்மேனைப் பற்றி எங்கள் வீட்டு ஆண்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பயந்தாங்கொள்ளி, ஒரு பல்பு மாட்ட மூன்று தடவை டெஸ்டர் வைப்பான் என்று சிரிப்பார்கள். கரண்டோடு வேலை செய்கிறவன் பயப்படுவதைப் போய்க் குறையாகச் சொன்னார்களே என்று இப்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பெரியப்பா தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவன் வந்தான். மோட்டாரை நிறுத்தி, பீஸ் கட்டைகளைப் பிடுங்கி, இரும்புப் பெட்டியின் மூடியைத் திறந்தான். குழாய் முனை பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மரை மொத்தமும் தேய்ந்து, குழாயின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. ஒரு வயரின் தோல் அறுந்து உள்ளே செம்பு பளபளத்தது.

"பாருக்கா," என்றான். "மோட்டாரு ஆடுது, பைப்பு ஆட மாட்டேங்குது. நடுவுல மாட்டிக்கினு வயரு சாவுது. அந்த வயரு பைப்பத் தொட்டுக்கினு கீது, நீ பைப்பத் தொட்ட. கை ஈரமா இருந்தாலும் ஒண்ணுதான், காஞ்சிருந்தாலும் ஒண்ணுதான்."

"இதுக்கு இன்னா பண்ணணும்?"

"மோட்டாரு பக்கம் பைப்பே கூடாது. வளையிற ஹோசு போடணும். ரெண்டு முனைக்கும் மரை வெச்ச கனெக்டரு. உள்பக்கம் ஒரு செக் நட்டு போட்டு இறுக்கிட்டா மோட்டாரு எவ்ளோ ஆடினாலும் ஹோசு வளைஞ்சி குடுக்கும், வயரு அறுவாது. அது மட்டும் பத்தாதுக்கா. இதுக்கு எர்த்தே இல்ல பாரு, கம்பி துரு புடிச்சி அறுந்து கெடக்குது. அதையும் போடணும்."

மண்வெட்டியோடு வாசலில் நின்றிருந்த பெரியப்பா, "டேப்ப சுத்திட்டுப் போப்பா. பெரிய பேஜாரா போச்சு," என்றார்.

வயர்மேன் டேப்பைச் சுற்றினான். "ஒரு வாரம் தாங்கும். அதுக்கு மேல யாருக்கு அடிச்சாலும் என்னக் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாளே அத்தை உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போய் ஹோசும் கனெக்டரும் வாங்கி வந்தாள். அந்த ஹோஸை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. வெள்ளி நிறத்தில் வளையம் வளையமாக, இழுத்தால் கிரிச்சென்று நீண்டு, விட்டால் சுருங்கும். கனெக்டர் பித்தளை. ஒரு பக்கம் ஹோஸைக் கவ்விக்கொள்ளும், இன்னொரு பக்கம் மரை. விரலை வைத்துச் சுற்றினால் மரை நகத்தில் இடறும்.

பெரியப்பா கொட்டாயைத் திறந்து வைத்திருந்த நேரம் பார்த்து அதை மாட்டிப் பார்த்தாள். ஆனால் அது பொருந்தவில்லை. பெட்டியின் துளையில் இரண்டு சுற்றுப் போயிற்று, பிறகு முரண்டு பிடித்து நின்றுவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த அப்பா குனிந்து பார்த்தார். "சுத்தியால ரெண்டு தட்டு தட்டினா உள்ள போயிடும்."

"தட்டினா உள்ள போவும், நிக்காது," என்றாள் அத்தை. "மரை வேற. கடக்காரன் முக்கா இஞ்சுன்னு சொல்லிட்டு வேற எதையோ குடுத்துட்டான்."

அவள் கனெக்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். அதோடு நிற்கவில்லை. பெரியப்பா கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் வயர்மேனை மறுபடி அழைத்து, மோட்டாரிலிருந்து அந்த இரும்புப் பெட்டியையே நான்கு போல்ட்டுகளையும் கழற்றி எடுக்கச் செய்தாள். ஒயர்க் கூடையில் பழைய துணி விரித்து அதைப் படுக்கவைத்தாள். பெரியப்பா வருவதற்குள் நாங்கள் வாலாஜாபாத் பஸ்ஸில் இருந்தோம்.

அந்தப் பெட்டி நல்ல கனம். பஸ்ஸில் நான்தான் மடியில் வைத்திருந்தேன். கிரீஸ் என் பாவாடையில் கறையாக இறங்கியது. அது கடைசிவரை போகவில்லை. கண்டக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, குண்டா?" என்றார். அத்தை, "மோட்டாரு பொட்டி. ஒரு டிக்கெட்டு, ஒரு அரை டிக்கெட்டு," என்றாள்.

வாலாஜாபாத்தில் அரிசி மில்களுக்குச் சாமான் போடும் கடை ஒன்று இருந்தது. நெல் தூசும் எண்ணெயுமாக ஒரு வாசனை. கல்லாவில் இருந்தவர் எங்களை ஏறிட்டுப் பார்க்காமல் மில்காரர்கள் மூன்று பேரை அனுப்பிவைத்தார். கடைசியில், "இன்னாம்மா?" என்றார்.

அத்தை பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இந்த ஓட்டைக்கு ஒயுங்கா சேர்ற கனெக்டரு வேணும்."

"வூட்ல ஆம்பளைங்க இல்லியா? அளவு சொல்லி அனுப்பிச்சிருந்தா குடுத்திருப்பேனே."

"கீறாங்க. அளவுதான் அவங்களுக்குத் தெரியல. அதான் ஓட்டையவே எடுத்தாந்துட்டேன்."

அவர் முதல்முறையாக அத்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு மர டிராயரை அப்படியே உருவிக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தார். பித்தளை கலகலவென்று கொட்டியது. "நீயே பாத்துக்க," என்றார்.

நானும் அத்தையும் நின்றபடியே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். சில நுழையவே இல்லை. சில ஆட்டம் கொடுத்தன. சில உத்திரமேரூரில் வாங்கியதைப் போல இரண்டு சுற்றில் நின்றன. அத்தை ஒன்றையும் வலுக்கட்டாயமாகத் திருகவில்லை. நின்றவுடன் எடுத்து ஒதுக்கிவிடுவாள். ஒதுக்கியது பெரிய குவியலான பிறகு நான் எடுத்துக் கொடுத்த ஒன்று, இரண்டு விரலால் சுற்றச் சுற்ற வழுக்கிக்கொண்டு கடைசி மரைவரை இறங்கியது. அத்தை அதைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினாள். "இதுதான். இதுல ரெண்டு, நட்டு ரெண்டு, ஹோசு மூணு முழம்."

ஊர் திரும்பியபோது பெரியப்பா கொட்டாய் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெட்டி இல்லாத மோட்டாரிலிருந்து வயர்கள் வெளியே தொங்கின. என்னென்ன திட்டினார் என்று எழுத வேண்டாம். அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "வயர்மேன் நாளைக்குக் காலைல வருவான். கதவத் தொறந்து வையி," என்றாள்.

மறுநாள் கொட்டாய்க்குப் பின்னால் எர்த்துக்குக் குழி வெட்டியதும் அத்தைதான். உப்பும் அடுப்புக் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு, நான் குடத்தில் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே வயர்மேன் பெட்டியை மறுபடி மோட்டாரில் பொருத்தி, புது வயரை ஹோஸுக்குள் செலுத்தி, இரண்டு முனையிலும் கனெக்டரை முறுக்கி, உள்பக்கம் செக் நட்டைப் போட்டு இறுக்கினான். ஒவ்வொரு அடியையும் அத்தை பக்கத்தில் குந்திப் பார்த்தாள். இரண்டாவது முனையை அவனிடமிருந்து வாங்கித் தானே போட்டாள். மோட்டாரின் உடம்பில் மூன்று முறை டெஸ்டர் வைத்தான். எரியவில்லை. அத்தை பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் உறுமியது. ஹோஸ் லேசாக நெளிந்து நெளிந்து அதிர்வை வாங்கிக்கொண்டது. கடகடச் சத்தம் இல்லை. தொட்டியில் தண்ணீர் வந்து விழுந்தது.

அப்போது பெரியப்பா சொன்னார்: "சரி, வேல முடிஞ்சிது இல்ல? சாவி எங்கிட்டயே இருக்கட்டும். நீ கேளு, நான் போடறேன்."

அத்தை சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் ஓய்ந்தது. பீஸ் கட்டைகளைப் பிடுங்கினாள். "ஹோச கழட்டுப்பா," என்றாள் வயர்மேனிடம்.

"யக்கா, இப்பதான போட்டோம்…"

அவன் நகராமல் நின்றான். அத்தை ஸ்பானரை அவன் கையிலிருந்து எடுத்தாள். போட்ட அளவுக்குக்கூட நேரமாகவில்லை. நல்ல மரை, நல்லபடியாகவே கழன்றது. வயர்களை உருவிப் போட்டுவிட்டு, ஹோஸ், கனெக்டர் இரண்டு, நட்டு இரண்டு எல்லாவற்றையும் ஒயர்க் கூடையில் வைத்தாள்.

"மோட்டாரு மூணு பேருது, பொட்டியும் மூணு பேருது," என்றாள். "இது நான் வாங்கினது. பூட்டு போனாத்தான் இது வரும்."

மூன்று நாள் யாருக்கும் தண்ணீர் இல்லை.

பெரியப்பா பழைய குழாயை மாட்டச் சொல்லி வயர்மேனுக்கு ஆள் அனுப்பினார். அந்தக் குழாயைத் தொட மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டான் அந்தப் பயந்தாங்கொள்ளி. இரண்டாம் நாள் பெரியப்பா தானே கொட்டாய்க்குள் போனதைப் பார்த்தேன். குழாயைக் கையில் எடுத்தார். வயரை அறுத்த அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்து பூட்டினார்.

அத்தையின் நாற்றும் காய்ந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. காலையில் வரப்பில் உட்கார்ந்து, வெடித்த சேற்றுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். அப்பா அவளிடம் போய்ச் சொன்னார்: "உன் பயிரும்தான காயுது. கொஞ்சம் எறங்கி வாயேன்."

"பூட்டின கொட்டாய நம்பினா அது எப்பிடியும் காயத்தான் போவுது. இப்பவே காயட்டும், சின்னண்ணா. பாத்துக்கினாவது இருக்கேன்."

அப்பாவைப் பற்றி அந்த வயதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது. இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர் என்று. ஆனால் அத்தை சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வரவில்லை, நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா உட்காரவில்லை.

"அண்ணா, எனக்கும் அடிச்சிருக்கு," என்றார்.

"இன்னாது?"

"அந்தப் பைப்பு. ரெண்டு வாட்டி. கைய ஒதறிக்கினு வந்துட்டேன், யார் கிட்டயும் சொல்லல. உனக்கும்தான் அடிச்சிது. தை மாசம், நீ பைப்ப உட்டுட்டு பின்னால போய் மோதிக்கினத நான் பாத்தேன். ரெண்டு பேரும் வாயத் தொறந்திருந்தா தங்கச்சி வியுந்திருக்காது. நம்மளுக்கு அடிச்சப்போ கரண்டு. அதுக்கு அடிச்சா மட்டும் ஈரக் கையா?"

பெரியப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அப்பா திரும்பி நடந்தார். அவர் அவ்வளவு வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பெரியப்பா கெட்டவர் இல்லை. தங்கை விழுந்து கிடந்ததைப் பார்த்து மிரண்டு போனவர். வேப்பமரத்தடியில் அவர் கை நடுங்கியதற்கு வேறு அர்த்தம் இல்லை. இது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. ஆனால் புரிந்த பிறகும் நான் அத்தை பக்கம்தான். பயந்தவர் மோட்டாரைச் சரிசெய்திருக்க வேண்டும். அவர் தங்கையை அல்லவா பூட்டி வெளியே நிறுத்தினார்!

மறுநாள் விடிந்ததும் பெரியப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். "கொயந்தே, உங்க அத்தய கூப்புடு. அந்த ஹோச எடுத்துக்கினு வரச் சொல்லு." வயர்மேனையும் அவரே சைக்கிளில் போய்க் கூட்டி வந்திருந்தார்.

அத்தை கூடையோடு வந்தாள். கதவு திறந்திருந்தது. பூட்டு அவர் கையில் இருந்தது. அத்தை அதைப் பார்க்கவில்லை. கதவிலிருந்த கொண்டியைக் காட்டினாள். "பூட்ட நீ மறுபடியும் மாட்டலாம். அத கழட்டு."

பெரியப்பா வயர்மேனின் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று சிமெண்டில் விழும் சத்தம் கேட்டது. உள்ளே அத்தை கனெக்டரை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். வயர்மேன் வயர் முனைகளைப் பார்த்துக்கொண்டான். நான் டார்ச் பிடித்தேன். கொண்டி கையோடு வந்த பிறகு பெரியப்பா உள்ளே வந்து அத்தைக்கு எதிரில் குந்தினார். பெட்டிக்குள் செக் நட்டு போட வேண்டிய முனை அவர் பக்கமாகத்தான் இருந்தது. அத்தை நட்டை நீட்டினாள்.

"எந்தப் பக்கம் சுத்தணும்?" என்று கேட்டார்.

"வலப்பக்கம். மொதல்ல வெரலால. நின்னதுக்கு அப்பறம் ஸ்பானரு."

அவருடைய தடித்த விரல்களுக்கு அந்த இடம் போதவில்லை. நட்டு ஒரு தடவை நழுவி விழுந்தது. நான் தேடி எடுத்துக் கொடுத்தேன். மறுபடி வைத்தார், இந்தத் தடவை மரை பிடித்துக்கொண்டது. கடைசியாக ஸ்பானரால் கால் சுற்று இறுக்கினார்.

வயர்மேன் டெஸ்டர் வைத்துத் தலையசைத்தான். அத்தை பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் ஓடத் தொடங்கியதும் பெரியப்பா மெல்ல வலது கையை நீட்டி, உள்ளங்கையை மோட்டாரின் முதுகில் முழுதாகப் பதித்தார். எடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணும் இல்ல," என்றார்.

"அப்பறம் இன்னா, போய் என் மடைய தொற," என்றாள் அத்தை.

பெரியப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார்.